ஒரே உலை: மதுரையில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டையில் பஸ் ஏறினேன். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பத்தரை. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அரசரடி. நிறுத்தத்தில் எனக்காகக் காத்து நின்றவள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. இன்றைக்கு மதுரையைச் சுற்றிச் சில கிராமச் சபைகளைக் கவனிக்கும் பாஸ்டரம்மா. என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "எத்தன வருஷமா கூப்பிடுறேன் டீச்சர், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். 31 வருடம் தமிழ் வகுப்பு எடுத்தேன். வாரநாளில் 'அருள்' என்று சொல்லிக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அது 'கிருபை' ஆகிவிடும். வகுப்பில் 'தூய', கோயிலில் 'பரிசுத்த'. என் ஆச்சி ஜெபம் பண்ண உட்கார்ந்தால் இரண்டும் கிடையாது, "என்னப் பெத்த சாமி" என்றுதான் தொடங்குவாள். இந்த மூன்று தமிழுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். இயேசு இந்த மண்ணில் எந்தத் தமிழ் பேசுகிறார் என்ற கேள்வி எனக்கு வீட்டுக்குள்ளேயே பிறந்தது.

மதியம் தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். அவள் படித்த இடம். தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969-இல் தொடங்கியது. வேறு இடங்களில் ஆங்கிலத்தில் கற்பித்த இறையியலை இங்கே தமிழில் கற்பித்தார்கள். மர நிழல், சைக்கிள்கள், எங்கோ ஒருவர் ஆர்மோனியத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகும் சத்தம். "தமிழ்ல எழுதணும்னு சொன்னதும் முதல்ல நான் அழுதுட்டேன் டீச்சர். 'நீதிமானாக்கப்படுதல்'ங்கிறத எங்கம்மாவுக்குப் புரியுற மாதிரி எழுதச் சொன்னாங்க. மூணு நாளாச்சு" என்றாள். நான் வைத்த எந்தப் பரீட்சையும் அவளை இப்படிக் கசக்கியிருக்காது.

சாயங்காலம் முழுக்க மொழிபெயர்ப்பைப் பற்றியே பேசினோம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அந்தக் காலத்தில் கடவுளுக்குச் 'சருவேசுரன்' என்ற சொல். அப்புறம் வந்த பப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வெளிவந்த பைபிள் திருப்புதலில் 'தேவன்'. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. ஒரே ஆளுக்கு முந்நூறு வருடத்தில் நான்கு பெயர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சங்கடம் இருக்கிறது. சருவேசுரனுக்குள் ஈசுவரன் உட்கார்ந்திருக்கிறார். தேவன் என்றால் முப்பத்து முக்கோடியில் ஒருவர் என்று கேட்பவர் நினைக்கலாம். பராபரனைத் தாயுமானவர் பாடிவிட்டார். யாரும் தொடாத, புத்தம்புதிய சொல் என்று தமிழில் ஒன்று கிடையாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்குள்தான் விருந்தாளி வர முடியும்.

படுக்கப் போகும்முன் கோசுகே கோயாமாவைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானியர். 1960-களில் வடக்குத் தாய்லாந்துக்கு மிஷனரியாகப் போனவர். பிரசங்கம் பண்ணப் போகிற வழியெல்லாம் சேற்று வயலில் எருமைகள். இந்த எருமைகளோடு வாழும் உழவருக்குப் புரிகிற மாதிரிப் பேசாவிட்டால் என் படிப்பு எதற்கு என்று யோசித்து, அதிலிருந்து தன் இறையியலையே புதிதாகத் தொடங்கினார். 1974-இல் வந்த அவர் புத்தகத்தின் பெயரிலேயே எருமை இருக்கிறது. நம்மூர்ப் பிரசங்கங்களில் அத்திமரமும் ஒலிவமரமும் வந்த அளவுக்குப் பனைமரம் வந்ததுண்டா என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள், வியாழன்

பசுமலை. வெயில் தாளவில்லை, முட்டி வலி வேறு. அதிகம் நடக்க முடியவில்லை.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். 1842-இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கி, 1845-இல் அதை இந்த மலையடிக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குத் தல்லாகுளத்தில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரியும் 1881-இல் இங்கே பிறந்ததுதான். திருவிளையாடல் புராணப்படி, மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையும் நாகமும் பசுவும் கல்லாகி நிற்பவைதான் இந்தச் சுற்றுவட்டாரத்து மலைகள். சமணர் தரப்புக் கதை வேறாக இருந்திருக்கும். தோற்றவர்களின் கதை மலைக்குப் பெயராவதில்லை. அந்த மலையடியில் உட்கார்ந்துதான் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நம் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இவர்களைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1850-இல் சென்னையில் மிஷனரிகள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எந்தச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன்களைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். மதுரை மிஷனும் அந்தப் பக்கம்தான். 'அன்பின் விருந்து' என்று அதற்குப் பெயர். சாப்பிட மறுத்து வெளியேறியவர்கள் உண்டு. அன்பின் விருந்து என்று பெயர் வைத்து அதைப் பரீட்சையாக நடத்தினார்கள் என்று என் மாணவி வருத்தப்பட்டாள். பரீட்சையாவது வைத்தார்களே என்றேன் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ராத்திரி அவளிடம் சொன்னேன். இங்கும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வருடா வருடம் கோயிலில் அசனம் நடக்கும். பெரிய பெரிய வட்டைகளில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். என் ஆச்சி மட்டும் பந்தியில் உட்கார மாட்டாள். யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று தெரியாதாம். என் கையில் தூக்குவாளியைக் கொடுத்து, "நீ போயி வாங்கிட்டு வாட்டி" என்பாள். கொல்லைக் கதவு வழியாகப் போய் வாங்கி வருவேன். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை. "என்னப் பெத்த சாமி" என்று அழுது ஜெபிப்பாளே, அதே ஆச்சிதான். அவள் ஜெபம் பொய் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. அந்தத் தூக்குவாளியை நான் மறக்கவும் முடியாது.

மூன்றாம் நாள், வெள்ளி

திருவாதவூர் போய் வந்தோம். மேலூர்ப் பக்கம், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். தமிழ் டீச்சருக்கு இது ஒரு யாத்திரை. இங்கே சுவாமியின் பெயர் திருமறைநாதர். நாங்கள் கோயிலில் பைபிளைத் 'திருமறை' என்கிறோம். அரசரடிக் கல்லூரிக்கு முந்திய இறையியல் கல்லூரி ஒன்று நாசரேத்துக்குப் பக்கத்தில் திருமறையூர் என்ற இடத்தில் இருந்தது. ஒரு சொல் எத்தனை வீட்டில் சாப்பிட்டிருக்கிறது பாருங்கள்.

கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசினோம். ஏ. ஜே. அப்பாசாமி, 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர், பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-இல் புத்தகம் எழுதினார். யோவான் நற்செய்தியை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் மாணிக்கவாசகரையும் இராமானுசரையும் வைத்துப் படித்தார். "என்னில் நிலைத்திருங்கள்" என்கிறாரே இயேசு, அந்த நிலைத்திருத்தல்தான் மோட்சம் என்பது அவர் வாதம். கரைந்து காணாமல் போவதில்லை, அன்பில் ஒட்டிக்கொண்டு நிற்பது. அவருக்கு முன்னாலேயே ஜி. யு. போப் திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். பாதிரியார் ஒருவருக்குத் திருவாசகத்தின் மேல் அவ்வளவு பிரியம்.

எனக்கு அப்பாசாமியின் மேல் நிறைய நன்றி உண்டு. வகுப்பில் திருவாசகம் நடத்திய நாட்களில் தொண்டை அடைத்துக்கொள்ளும். சிவபக்தர் பாட்டுக்கு ஒரு கிறிஸ்தவ டீச்சர் அழலாமா என்று குழம்பிய காலத்தில், அழலாம் என்று எனக்குச் சொன்னவர் அவர்.

என் மாணவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "டீச்சர், அவர் சொன்னது அழகுதான். ஆனா எங்க தாத்தா இந்தப் பாட்டையெல்லாம் எங்கே நின்னு கேட்டிருப்பாரு?"

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினரை வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனது 1939 ஜூலை 8-ஆம் தேதி. அவள் தாத்தாவுக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது.

சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நம் இறையியலோ மேல்சாதி மரபோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பேசிய பேச்சிலிருந்து கிளம்பிய கேள்வி இது. தலித் இறையியல் என்று பின்னால் பெயர் பெற்றது. பைபிளில் உபாகமம் 26-இல் இஸ்ரவேலர் முதற்பலனைப் படைக்கும்போது, நாடோடியாகத் திரிந்த மூதாதையைச் சொல்லி, எகிப்தில் பட்ட பாட்டைச் சொல்லி, அப்புறம்தான் விடுதலையைச் சொல்கிறார்கள். அதேபோல் நாமும் பட்ட அவமானத்திலிருந்து தொடங்கி விசுவாசத்தைச் சொல்ல வேண்டும் என்றார் நிர்மல். எங்கிருந்து வந்தோம் என்பதை மறைத்துக்கொண்டு பாடும் துதி அரைத் துதிதான்.

தைவான் இறையியலாளர் ஷோகி கோ 1972 வாக்கில் இதையே வேறு விதமாகச் சொன்னார் என்று திரும்பும் வழியில், பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி விளக்கினாள். சுதேசியமாக்குதல் என்பது பழைய மரபைத் திரும்பிப் பார்ப்பது. சூழலோடு பொருந்துதல் என்பது இன்றைய பசியையும் அநியாயத்தையும் மாற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பது. நான் பாடப்புத்தகத்துத் தமிழையே பண்பாடு என்று நினைத்து வந்திருக்கிறேன். அவள் தாத்தா அதில் எங்கே இருக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. புளியமரத்தடியில் எனக்குக் கிடைத்தது இது. இன்னும் ஜீரணமாகவில்லை.

நான்காம் நாள், சனி

மத்தியானம் வரை மழை. வீட்டோடு இருந்தோம். நாளைய ஆராதனைக்குப் பாட்டுப் பழக நாலைந்து பிள்ளைகள் நனைந்துகொண்டே வந்தார்கள். கையில் தப்பு என்ற பறை. ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டதென்று அடுப்படியில் தாளைக் கொளுத்திக் காய்ச்சினார்கள்.

எங்கள் கோயிலில் இரண்டு பாட்டுப் புத்தகம் உண்டு. பாமாலை என்பது மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாட்டு. கீர்த்தனை நம் ராகத்தில் நம்மவர் கட்டியது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகளைச் சேர்த்து மதுரை மிஷனின் எட்வர்டு வெப் 1853-இல் புத்தகமாக்கினார். தமிழர் வாய்க்குத் தமிழ் மெட்டுத்தான் என்று ஒரு அமெரிக்கர் அன்றைக்கே உணர்ந்தார். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அரசரடியில் வாத்தியாராக இருந்த தியாபிலஸ் அப்பாவு முடியவில்லை என்றார். பரட்டை என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். 1940-இல் பிறந்து 2005-இல் காலமானார். கர்நாடக ராகமும் ஒரு சாதியின் சொத்தாக இருக்கிறதே, வயலில் நாற்று நடுகிறவள் பாட்டு எங்கே என்று கேட்டார். கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில், முழு வழிபாட்டு முறையையே எழுதினார். அவர் பாட்டையும் சிந்தனையையும் ஆராய்ந்து ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அப்பாவு அடிக்கடி சொன்ன சொல் 'ஒரு ஒலை'. ஒரே உலை. கூட்டுக் குடும்பத்தில் அவரவர் உழைத்துக் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கி எல்லோரும் சாப்பிடுகிறார்களே, அதுதான் சபை, அதுதான் கடவுளின் ஆட்சி.

மிஷனரிகள் பரீட்சையாக வைத்ததை இவர் பண்டிகையாக்கிவிட்டார் என்று எனக்குப் பட்டது. சாப்பிட்டுக் காட்டு என்று மேலேயிருந்து ஒருவர் சொல்வது வேறு. சாப்பிட வா என்று கூடவே உழைத்தவர் கூப்பிடுவது வேறு.

கர்த்தர் ஜெபத்தில் மூல மொழியில் இருப்பது ரொட்டி. பழைய திருப்புதல்காரர்கள் அங்கே 'ஆகாரம்' என்று போட்டார்கள். ஆனால் "ஜீவ அப்பம் நானே" என்ற இடத்தில் அப்பம். நமக்கு அப்பம் என்றால் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவது, அல்லது கார்த்திகைக்குச் சுடுவது. பசிக்கு நாம் சொல்வது சோறு. கொரியாவில் 1970-களில் சர்வாதிகாரத்துக்கு எதிரே எழுந்த மின்ஜுங், அதாவது சாமானிய மக்கள், இறையியல்காரர்கள், கிம் சி-ஹா என்ற கவிஞர் சோறே வானுலகம் என்று பாடியதை எடுத்துக்கொண்டார்கள். வானத்தை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, சோற்றையும் அப்படித்தான் பகிர வேண்டும். இதைக் கேட்டதும் அடுப்படியில் தப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த பையன், "சோறு கண்ட இடம் சொர்க்கம்னு நம்ம ஊர்ல சொல்றதுதானே டீச்சர்" என்றான். அதே பழமொழியை எத்தனையோ தடவை பிள்ளைகளைத் திட்டுவதற்காகச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

மேலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், கண்மாய்க் கரை மேல் நடந்தோம். மழைக்கு அப்புறம் மண் மணத்தது. கரையோரம் எருமைகள் கிடந்தன, கோயாமாவை நினைத்துக்கொண்டேன்.

தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். அறுபது பேர் இருக்கலாம். தப்பு அதிர்ந்ததும் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்து திரும்ப வந்தார். ஆராதனை முடிந்த பிறகு நானே போய்க் கேட்டேன். "ஏன் ஐயா, சத்தம் ஒத்துக்கலையா?"

"சத்தமில்லம்மா. எங்கப்பா எழவு வீட்டுக்கெல்லாம் அடிச்சவரு. அடிச்சிட்டு வாசல்ல நிப்பாரு, தூக்கிப் போடுவாங்க காச. இந்தத் தப்ப விடுறதுக்காகத்தான் அவரு வேதத்துக்கு வந்தாரு. அத இவங்க கோயிலுக்குள்ள கொண்டாந்துட்டாங்க."

தப்படித்த பையன் அவர் பேரன். "அவங்க கேவலம்னு சொன்னத நாம ஏன் தாத்தா கேவலம்னு நினைக்கணும்?" என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவர் சொல்வதும் உண்மை. பெரியவர் வெளியே எழுந்து போனதைக் கணக்கில் எடுக்காத எந்தப் பண்பாட்டுப் பேச்சும் இனி எனக்கு ஆகாது.

பிரசங்கம் மாற்கு நற்செய்தியிலிருந்து. கொரிய மின்ஜுங் இறையியலாளர் ஆன் பியுங்-மு கண்டெடுத்த ஒன்றை என் மாணவி அப்படியே கிராமத்துத் தமிழில் சொன்னாள். மாற்கு, இயேசுவைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போடும் கிரேக்கச் சொல் 'ஓக்லோஸ்'. கடவுளின் ஜனம் என்ற மரியாதையான சொல் தனியாக இருக்கிறது, அதை விட்டுவிட்டு இதைப் போடுகிறார். பேர் இல்லாத, கணக்கில் வராத சனம். "நம்மள மாதிரி சனந்தான். அவரு ஒதுங்கிப் போகல, நடுவுல நின்னாரு" என்றாள். முன்வரிசையில் ஒரு அம்மா சத்தமாக "ஆமா சாமி" என்றார். என் ஆச்சியின் குரல் மாதிரியே இருந்தது.

ஆராதனைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக வந்து பிடியரிசிக் காணிக்கை கொட்டியிருந்தார்கள். வீட்டில் தினமும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துச் சேர்த்து வைக்கும் அரிசி. வழக்கமாக அதை ஏலம் விடுவார்கள். இந்தச் சபையில் மாதம் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் ஆலயத்துக்குப் பின்னால் ஒரே உலையில் போட்டுவிடுகிறார்கள். ரேஷன் அரிசி, பொன்னி, யாரோ ஒருவர் வீட்டுப் பச்சரிசி, எல்லாம். அது எப்படி ஒன்றாக வேகும் என்று கேட்டேன். "வேகாது. ஒண்ணு கொழையும், ஒண்ணு வெறச்சு நிக்கும். கஞ்சிய வடிக்காம விட்டா எல்லாம் சேந்துக்கிரும்" என்றார் உலையைக் கிளறிக்கொண்டிருந்த பாட்டி.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஊரில் வேறு தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, நூறு நாள் வேலையில் இவர்களோடு மண் சுமப்பவர்கள். வாசல்வரை வந்து தயங்கினார்கள். பாட்டி கரண்டியோடு போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட கருவாடு. தப்பு விஷயத்தில் பேசிக்கொள்ளாத தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசவில்லை. பேரன் தன் கருவாட்டில் பாதியைப் பிய்த்துத் தாத்தா இலையில் வைத்தான்.

மூன்றேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று என் மாணவி சைகை காட்டினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பாட்டி கவனித்துவிட்டு மூலையிலிருந்த ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து வந்தார்.

"ஊருக்குப் போக ராத்திரியாயிரும். இதுல ஊத்தித் தரவா டீச்சரம்மா, வீட்டுல போய்ச் சாப்புடுவீங்க."

வேண்டாம் பாட்டி, இங்கேயே இன்னொரு கரண்டி போடுங்கள் என்றேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் இலையில் சோற்றைப் போட்டார். நீங்களும் உட்காருங்கள் என்றேன். பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள்.